பெட்டியில் எழுதிய வாட்டும் வீதியில் கேட்கும் ஒலியும்

மின் கிற்றார் தன் ஒலியைத் தானே வெளிக்கொணர இயலாத வாத்தியம். அதன் உருக்குக் கம்பி அதிரும்போது, கம்பிக்குக் கீழே பொருத்தப்பட்ட காந்தத்தின் புலம் குலைகிறது; அந்தக் காந்தத்தைச் சுற்றி ஏறத்தாழ 0.06 மில்லிமீற்றர் தடிப்புள்ள செப்புக் கம்பி பல ஆயிரம் சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருப்பதால், புலம் குலையுந்தோறும் அச்சுருளில் ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றுகிறது. மென்மையாக மீட்டினால் அது ஒரு வோல்ட்டின் பத்தில் ஒரு பங்களவிலும், ஓங்கி மீட்டினால் ஒரு வோல்ட்டை அண்டியும் இருக்கும். ஆனால் அந்த அழுத்தத்துக்குப் பின்னால் சொல்லத்தக்க மின்னோட்டம் இல்லாமையால், ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பை அசைக்க அதனால் இயலாது. அழுத்தத்தை உயர்த்தி ஒலியின் குணத்தை வடிவமைக்கும் முன்விரியலாக்கி ஒன்றும், அவ்வாறு உயர்த்தப்பட்ட சைகைக்கு மின்னோட்டம் கொடுத்து ஸ்பீக்கரை இயக்கும் வலு விரியலாக்கி ஒன்றும் தேவைப்படுவது இதனாலேயே. மேடைக்காரர் பேச்சில் 'பவர் அம்ப்' எனப்படுவது இரண்டாவது. இவ்வத்தியாயத்தின் பொருளும் அதுவே.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்தத் தேவைக்குத் தனியான ஒரு கூர்மை உண்டு. அளவெட்டி, இணுவில் போன்ற ஊர்களில் செழித்த நாதஸ்வர தவில் மரபு, மின்சாரத்தின் துணையின்றிக் கோயில் வீதி முழுவதும் கேட்கும்படி அமைந்தது. தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி (1933–1975) வாசித்த காலத்துத் தவிலுக்கு மைக் என்பது வசதியே தவிர அவசியம் அன்று. அதே வீதியில் இரவு மேடை போட்டுப் பாடிய இன்னிசைக் கோஷ்டிகளின் கிற்றாருக்கு அந்தப் பேறு இல்லை. கண்ணன் கோஷ்டி, அருணா கோஷ்டி என ஊரறிந்த குழுக்கள் தோன்றிய காலத்திலும், நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பொப்பிசைப் பாடல்கள் இலங்கை வானொலி வழியே கிற்றாரை வீடுகளுக்குள் கொண்டுவந்த காலத்திலும், இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தமையால் (1970–77), பெயர்பெற்ற வெளிநாட்டு அம்பிளிபையர் ஒன்று எளிதில் கைக்கு எட்டும் பொருளாக இருக்கவில்லை. வல்வெட்டித்துறை முத்துமாரியம்மன் கோயில் இந்திர விழாவில் ஒரே இரவில் பல மேடைகள் எழும்போதும், யாழ்ப்பாண முற்றவெளியில் பெரிய நிகழ்ச்சிகள் நடக்கும்போதும், கிற்றார் வாசிப்பவர் முன்னுள்ள கேள்வி இன்றும் ஒன்றே: சுவர் இல்லாத திறந்தவெளியில், தவிலுக்கும் ட்ரம்ஸுக்கும் பக்கத்தில், தன் வாசிப்பு தனக்கும் கேட்போருக்கும் எப்படிக் கேட்கும்?

இதற்கு மேல்நாட்டார் கண்ட முதல் விடை வால்வு விரியலாக்கி. 1950களில் வந்த ஃபெண்டர் பாஸ்மன், வொக்ஸ் ஏசி30, பின்பு 1960களின் தொடக்கத்தில் பாஸ்மனின் சுற்றை ஒட்டிப் பிறந்த மார்ஷல் ஜேடிஎம்45 ஆகிய மூன்றும் மின் கிற்றாரின் ஒலி என்று உலகம் இன்று கருதுவதை வகுத்தவை. வால்வு உயர் அழுத்தத்திலும் குறைந்த மின்னோட்டத்திலும் இயங்கும், ஸ்பீக்கரோ குறைந்த அழுத்தத்தையும் கூடிய மின்னோட்டத்தையும் கேட்கும்; இரண்டையும் பொருத்தி வைக்க ஒரு வெளியீட்டு நிலைமாற்றி இடையில் நிற்கும். இந்த வால்வுகளும் நிலைமாற்றியும் எல்லையை எட்டும்போது அலையின் முகடுகளைச் சட்டென்று வெட்டாமல் படிப்படியாக நசுக்குகின்றன. அலை நசுங்கும்போது மூல மீடிறனின் மடங்குகளான புதிய மீடிறன்கள் தோன்றுகின்றன. மீடிறன் என்பது ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை. பொறியியலாளர் திரிபு என்று குறை சொல்லும் இந்த மாற்றத்தைக் கிற்றார் வாசிப்பவர் நாடித் தேடினார். ஆகவே அந்த யுகத்தில் வலு விரியலாக்கி வாத்தியத்தின் சரிபாதியாக இருந்தது. அதை மாற்றினால் வாத்தியமே மாறிவிடும்.

இலக்கமுறைக் கருவி வந்ததும் அந்தப் பாதி இடம் பெயர்ந்தது. 1998இல் லைன் 6 நிறுவனம் வெளியிட்ட பொட், அதன் பின் 2006இல் வந்த ஃபிராக்டல் ஓடியோவின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2011இல் வந்த கெம்பர் புரொஃபைலர், 2015இல் வந்த ஹீலிக்ஸ் ஆகியவை மொடலர் எனப்படும் வகையைச் சேர்ந்தவை. இவை கிற்றாரின் சைகையைச் செக்கனுக்கு 48,000 தடவை போன்ற வேகத்தில் அளந்து எண்களாக்கி, குறித்த ஒரு வால்வு விரியலாக்கியின் ஒவ்வொரு படியும் அந்தச் சைகைக்கு என்ன செய்யுமோ அதைக் கணக்காகச் செய்து, மீண்டும் மின்னழுத்தமாக்கி வெளியே தருகின்றன. இதற்குச் செலவாகும் நேரம் ஒரு சில மில்லிசெக்கன்கள். யாழ்ப்பாணத்து 30 பாகை வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் செல்வதால், 3 மில்லிசெக்கன் தாமதம் என்பது ஸ்பீக்கருக்கு ஒரு மீற்றர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம். வாசிப்பவரின் விரலுக்கு அது தடையாவதில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. மொடலருக்குள் முன்விரியலாக்கி மட்டுமன்றி, வால்வு வலு விரியலாக்கியின் நசுக்கலும் ஏற்கெனவே கணக்கிடப்பட்டுவிட்டது. அதன் பின்னால் இன்னொரு வால்வு விரியலாக்கியை வைத்து முழு வலுவில் ஓட்டினால் ஒரே அலை இருமுறை நசுங்கும். மொடலரை வாங்கியவர் தேட வேண்டியது, கொடுத்ததைக் கொடுத்தபடி பெருக்கி, தன் பெயரைச் சேர்க்காமல் ஒதுங்கிக்கொள்ளும் வலு விரியலாக்கியையே. பழைய காலத்துத் தெரிவுக்கு இது நேர்மாறானது. பழைய காதைக் கொண்டு புதிய பெட்டியைத் தேர்வதனாலேயே பெரும்பாலான ஏமாற்றங்கள் நிகழ்கின்றன.

ஒதுங்கி நிற்கும் விரியலாக்கி எத்தனை வாட் கொண்டதாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்குக் குடாநாட்டின் அண்மைக்கால வரலாறே ஓர் ஆய்வுகூட விடையைத் தந்திருக்கிறது. 1990இல் தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டு, பற்றரி உட்பட பல பொருள்களுக்குத் தடையும் விதிக்கப்பட்ட அவ்வாண்டுகளில், யாழ்ப்பாணத்து மக்கள் சைக்கிள் டைனமோவைக் கொண்டு றேடியோவும் கசற் றெக்கோடரும் கேட்டனர். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தியோ தலைகீழாகக் கவிழ்த்தோ பெடலைச் சுற்ற, ரயரை உரசிச் சுழலும் டைனமோ ஆடலோட்டத்தை, அதாவது திசை மாறி மாறிப் பாயும் மின்னோட்டத்தைப் பிறப்பிக்கும். இருவாயிகள் அதை ஒரே திசையில் பாயும் நேரோட்டமாகச் சீராக்க, கொள்ளளவி ஒன்று அதன் ஏற்ற இறக்கத்தை மட்டப்படுத்தும். வழக்கமான சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட் அளவினது. அந்த 3 வாட்டிலும் றேடியோவின் ஏனைய பகுதிகள் எடுத்தது போக ஸ்பீக்கரை அடைந்தது அரை வாட் அளவிலேயே இருந்திருக்கும். ஆயினும் செய்தி கேட்கத் திண்ணையில் கூடிய அயலார் எல்லாருக்கும் அது போதியதாயிற்று. பெடல் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதிலும் பாடம் உண்டு. டைனமோவின் அழுத்தம் விழுந்ததும், விரியலாக்கிக்கு அலையின் உயர்ந்த முகடுகளை எழுப்ப இடம் போதாமல் போகிறது. முகடுகள் வெட்டுண்டு குரல் கரகரக்கிறது. விரியலாக்கி ஒலியை உண்டாக்குவதில்லை. மின்வழங்கியிடம் இருப்பதைச் சைகையின் வடிவில் அளந்துவிடுவதே அதன் தொழில். கிணற்றில் ஊறும் அளவுக்கு மேல் எந்தப் பம்பும் இறைக்காது.

அரை வாட் எப்படித் திண்ணைக்குப் போதியதாயிற்று என்பதை டெசிபெல் அளவை விளக்குகிறது. செவியின் உணர்வு வலுவுக்கு நேர்விகிதமாக ஏறுவதில்லை. வலு இருமடங்காகும்போது 3 டெசிபெல் மட்டுமே கூடும், அதைக் கவனித்துக் கேட்பவரே உணர்வார். ஒலி இருமடங்கு பலமானதாகத் தோன்றுவதற்கு ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வலு, தேவை. 50 வாட் பெட்டியைக் கொடுத்துவிட்டு 100 வாட் பெட்டியை வாங்குபவர், விலையில் காணும் வேறுபாட்டைச் செவியில் காணாமல் திகைப்பது இதனாலேயே. இதற்கு மாறாக, ஸ்பீக்கரின் உணர்திறன் என்னும் எண், வாங்குவோர் அதிகம் பாராத எண், பெரும் வேறுபாட்டை உண்டாக்கும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபெல் கேட்கும் என்பதே உணர்திறன். செலெஷன் நிறுவனத்தின் விண்டேஜ் 30 என்ற கிற்றார் ஸ்பீக்கருக்கு அது 100 டெசிபெல், கிரீன்பாக் எனப்படும் 25 வாட் ஸ்பீக்கருக்கு 98. வீட்டில் பாட்டுக் கேட்கும் நல்ல ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு 87 அளவில். 98க்கும் 87க்கும் இடையிலுள்ள 11 டெசிபெல்லை விரியலாக்கியால் ஈடுசெய்ய முயன்றால் பன்னிரண்டு மடங்குக்கு மேல் வலு வேண்டும்: முதலாவது ஸ்பீக்கர் 8 வாட்டில் செய்யும் வேலைக்கு இரண்டாவது 100 வாட் கேட்கும். கோயில் கோபுரத்திலும் தென்னையிலும் கட்டப்படும் குழாய் ஸ்பீக்கர் சிறிய அம்பிளிபையரோடு அடுத்த ஊர்வரை கேட்பதன் இரகசியமும் இதுவே. கூம்பு வடிவக் குழாய், சிறு தகட்டின் அசைவை வெளிக்காற்றோடு திறம்பட இணைத்து உணர்திறனை 105 டெசிபெல்லுக்கும் மேலே ஏற்றிவிடுகிறது. குரலுக்கு அது போதும். தாழ்ந்த சுரங்களை அது விழுங்கிவிடுவதால் கிற்றாருக்கு ஆகாது.

திறந்தவெளி இந்தக் கணக்கை இன்னும் இறுக்குகிறது. சுவரும் கூரையும் இல்லாத இடத்தில் தூரம் இருமடங்காகுந்தோறும் ஒலி 6 டெசிபெல் குறையும். மேடையில் நிற்கும் வாசிப்பவர் தம் ஸ்பீக்கரிலிருந்து 3 மீற்றர் தள்ளி, சராசரியாக 100 டெசிபெல் அளவில் தம் வாசிப்பைக் கேட்க விரும்புகிறார் என்று கொள்வோம். தூரத்தால் இழப்பது ஏறக்குறைய 9.5 டெசிபெல், ஆகவே ஒரு மீற்றரில் 109.5 டெசிபெல் இருக்க வேண்டும். ஸ்பீக்கரின் உணர்திறன் 97 எனின், சராசரியாக 18 வாட் போதும். ஆனால் இசை சராசரியில் ஓடுவதில்லை. திரிபில்லாத தெளிந்த கிற்றார் ஒலியில், கம்பியை மீட்டும் கணத்தின் முகடு சராசரிக்கு மேல் 15 டெசிபெல் வரை எழக்கூடும். 15 டெசிபெல் என்பது 32 மடங்கு வலு, 18 வாட்டை அதனால் பெருக்கினால் 570 வாட்டைத் தொடும். அதே மொடலரில் கனத்த திரிபு ஒலியைத் தெரிந்தால் முகடுகள் மொடலருக்குள்ளேயே நசுக்கப்பட்டுவிடுவதால் சராசரிக்கும் முகட்டுக்கும் இடைவெளி 6 டெசிபெல் அளவுக்குச் சுருங்கி, 75 வாட் அளவிலேயே வேலை முடிந்துவிடும். பேரிரைச்சலோடு வாசிப்பவருக்குப் பெரிய பெட்டி வேண்டும், மென்மையாக வாசிப்பவருக்குச் சிறிய பெட்டி போதும் என்ற பொது நம்பிக்கை இங்கே தலைகீழாகிறது. தெளிந்த ஒலியை விரும்புபவருக்கே இடம் தாராளமாக வேண்டும். சராசரியை 95 டெசிபெல்லுக்கு இறக்க இணங்கினால் 570 வாட் 180 வாட்டாகிவிடும் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். மேடையில் சற்றுத் தாழ்த்தி வாசிக்கும் பழக்கம் பணத்தை மிச்சப்படுத்தும் பழக்கமும் ஆகும், செவியைக் காப்பது அதன் மேலதிக நன்மை.

'வால்வு வாட் பெரிய வாட்' என்று மேடைக்காரர் சொல்வதற்கான காரணமும் இந்த முகட்டுக் கணக்கில்தான் இருக்கிறது. வாட்டில் பெரியது சிறியது கிடையாது. 50 வாட் என்று எழுதப்பட்ட வால்வு விரியலாக்கியின் அந்த எண், திரிபு தொடங்கும் முன் அது தரும் சைன் அலையின் வலு. அதைத் தாண்டி ஓட்டி அலை சதுரமாகும்போது, அதே உச்ச அழுத்தத்தில் சதுர அலைக்குச் சைன் அலையின் இருமடங்கு வலு இருப்பதால், பெட்டி 50க்கு மேலே நெடுந்தூரம் போகிறது, போவதைச் செவியும் இனிதாக ஏற்கிறது. ரான்சிஸ்டர் விரியலாக்கியும் அவ்வாறே மேலே போகும். ஆனால் அது முகட்டைக் கத்தரித்தாற்போல் வெட்டுவதால் செவி மறுக்கிறது, வாசிப்பவர் குமிழைக் குறைத்துவிடுகிறார். மொடலருக்கு வரும்போது வெட்டும் கட்டத்துக்கே விரியலாக்கியைக் கொண்டுபோகக் கூடாது என்பதால், எண் பெரிதாக வேண்டியிருக்கிறது. கெம்பர் நிறுவனம் தன் புரொஃபைலருக்குள்ளேயே பொருத்தி விற்கும் வலு விரியலாக்கி 8 ஓமில் 600 வாட் கொண்டது என்பது ஆடம்பரம் அன்று. மேற்சொன்ன 570 வாட் கணக்குக்கு அது வெகு அண்மையில் நிற்கிறது.

அடுத்துவரும் ஓம் என்னும் எண், விரியலாக்கியும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று எப்படி நடத்தும் என்பதைச் சொல்கிறது. ஸ்பீக்கர் ஆடலோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பே தடங்கல். அதன் அலகு ஓம். வால்வுப் பெட்டியின் பின்புறத்தில் 4, 8, 16 என்ற மூன்று துளைகள் இருப்பது, நிலைமாற்றி மூன்றுக்கும் ஏற்பத் தன்னைப் பொருத்திக்கொண்டு ஒரே வலுவைத் தருவதற்காக. ரான்சிஸ்டர் வகையில் நிலைமாற்றி இல்லை. 4 ஓமில் 200 வாட் தருவது 8 ஓமில் ஏறத்தாழ 100, 16 ஓமில் 50 மட்டுமே தரும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது 4 ஓம் எண், வீட்டில் இருக்கும் பொக்ஸோ, அதாவது ஸ்பீக்கர் பொருத்திய பெட்டியோ, பெரும்பாலும் 8 அல்லது 16 ஓம். குறிக்கப்பட்ட அளவிலும் குறைந்த ஓமை மாட்டினால் ரான்சிஸ்டர் விரியலாக்கி சுட்டெரியும் அல்லது காப்புச் சுற்று அதை நிறுத்திவிடும். ஸ்பீக்கரே மாட்டாமல் முழு வலுவில் ஓட்டினால் வால்வு விரியலாக்கியின் நிலைமாற்றி கெடும். ஒன்றின் பாதுகாப்பு விதி மற்றதற்கு நேரெதிர்.

பெட்டியில் எழுதிய 8 ஓம் உண்மையில் ஒரே ஒரு மீடிறன் வட்டாரத்துக்கே பொருந்தும். கூம்பு தன் இயல்பான வேகத்தில் ஊசலாடும் பரிவு மீடிறனில், கிற்றார் ஸ்பீக்கருக்குப் பொதுவாக 75 முதல் 100 ஹேர்ட்ஸ் வரை, தடங்கல் பல மடங்கு எழும். உயர்ந்த மீடிறன்களிலும் சுருளின் இயல்பால் படிப்படியாக ஏறும். வால்வு விரியலாக்கியின் உள்தடங்கல் கூடியது. ஆதலால் ஸ்பீக்கரின் தடங்கல் எழும் இடங்களில் அழுத்தமும் எழுந்து, தாழ்சுரம் கனத்தும் மேல்சுரம் மின்னியும் கேட்கும். ரான்சிஸ்டர் விரியலாக்கியின் உள்தடங்கல் ஓமின் சிறு பின்னம் என்பதால் அது ஸ்பீக்கரின் ஏற்ற இறக்கத்தைப் பொருட்படுத்தாமல் அழுத்தத்தைச் சமமாகவே வைத்திருக்கும். 'வால்வின் உயிர்ப்பு' எனப் போற்றப்படுவதில் ஒரு பெரும் பங்கு இந்த எளிய அழுத்தப் பங்கீடே. மொடலர் அதனைக் கணக்கில் சேர்த்துவிடுவதால், பின்னால் நிற்கும் விரியலாக்கி குறைந்த உள்தடங்கல் கொண்டதாக இருப்பது குறையன்று, தகுதி.

ஸ்பீக்கர் எது என்பதைப் பொறுத்து வழி இரண்டாகப் பிரிகிறது. கிற்றாருக்கென்று செய்த ஸ்பீக்கர் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலே செங்குத்தாக வீழ்கிறது. திரிபு ஒலியின் கீச்சை மறைப்பது அந்த வீழ்ச்சியே. மொடலருக்குள் இந்தப் பொக்ஸின் குணமும் எண்களாக இருக்கும்: ஒரு மிகக் குறுகிய சத்தத்துக்கு உண்மையான பொக்ஸ் எவ்வாறு பதிலளித்தது என்று மைக் வைத்துப் பதிந்த பதிவு அது. முழு மீடிறன் வீச்சையும் சமமாகத் தரும் ஸ்பீக்கரைப் பயன்படுத்துபவர் அந்தப் பதிவை இயக்கியே வைக்க வேண்டும். உண்மையான கிற்றார் பொக்ஸை மாட்டுபவர் விரியலாக்கிக்குப் போகும் வழியில் அதை நிறுத்த வேண்டும். நிறுத்த மறந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பொக்ஸின் வீழ்ச்சி ஏறி, ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதாகும். மொடலரையோ விரியலாக்கியையோ பலர் குறைகூறுவது, ஆராய்ந்தால், இந்த ஒரு பொத்தானில் முடியும்.

இனி விரியலாக்கியின் உள்ளமைப்பு. ஏபி வகுப்பு எனப்படும் பழைய ரான்சிஸ்டர் அமைப்பில் அலையின் மேற்பாதியை ஒரு ரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை இன்னொன்றும் தாங்கும். முழு வலுவில்கூட அதன் கோட்பாட்டு வினைத்திறன் 78.5 வீதத்தைத் தாண்டாது, வழக்கமான இசை ஓடும் எட்டிலொரு பங்கு வலுவில் அது 28 வீத அளவுக்கு இறங்கும். 25 வாட் ஒலிச் சைகைக்கு 90 வாட் எடுத்து 65 வாட்டை வெப்பமாக வீசும் பெட்டி, வைகாசி மாதத்து மேடையில் விசிறியையும் கனத்த அலுமினியத் தகடுகளையும் நம்பியே வாழ வேண்டும். டி வகுப்பில் ரான்சிஸ்டர்கள் முழுதாகத் திறந்தோ முழுதாக மூடியோ மட்டும் இருக்கும். செக்கனுக்குப் பல இலட்சம் தடவை திறந்து மூடி, திறந்திருக்கும் நேரத்தின் நீளத்தால் அலையை வரைந்து, இறுதியில் வடிகட்டியால் அந்தத் துடிப்புகளை மட்டப்படுத்தும். வினைத்திறன் 90 வீதத்தை எட்டுவதால் வெப்பம் சிறிது, பாரமும் சிறிது. கால் மிதிப்பெட்டி அளவே உள்ள 170 வாட் விரியலாக்கிகள் இன்று கடையில் கிடைக்கின்றன. மொடலருக்குக் கேட்கும் குணங்கள், அதாவது நிறமின்மை, குறைந்த உள்தடங்கல், தாராளமான வாட், அனைத்தும் இவ்வகையில் மலிவாகக் கிடைப்பதால், இவ்வத்தியாயத்தின் சாய்வு டி வகுப்பின் பக்கமே. ஓர் எச்சரிக்கை மட்டும்: இவற்றுட் பலவற்றில் ஸ்பீக்கர் இணைப்பின் இரு முனைகளும் சைகையைத் தாங்குபவை, எதுவும் புவியோடு இணைந்ததன்று, பழைய பழக்கத்தில் ஒரு முனையைப் புவித்தொடுப்போடு சேர்த்தால் பெட்டி அத்தோடு முடிந்தது.

மின்வழங்கல் பற்றிய கவலை குடாநாட்டாருக்கு நூலறிவன்று. போருக்குப் பின் 132 கிலோவோல்ட் வழி கிளிநொச்சியூடாகச் சுன்னாகத்தை மீண்டும் தேசிய வலையமைப்போடு இணைத்த பின்பும், 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடு முழுவதும் இருண்டது. கோயில் வீதி மேடைகள் ஜெனரேற்றரை நம்புவதில் வியப்பில்லை. நிலைமாற்றியும் சீராக்கியும் கொண்ட பழைய வழங்கியில், 230 வோல்ட் 200ஆக வீழ்ந்தால் உச்ச வலு நான்கிலொரு பங்கு குறையும். செவிக்கு அது 1.2 டெசிபெல் மட்டுமே, கவலைப்பட ஒன்றுமில்லை. 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் புதிய ஆளிமுறை வழங்கி அந்த வீழ்ச்சியையும் உணராது. உண்மையான ஆபத்து மொடலருக்கே: அது ஒரு கணினி. ஜெனரேற்றர் மாறும் அரைச் செக்கன் இடைவெளியில் விரியலாக்கி ஒருமுறை இருமிவிட்டுத் தொடரும். மொடலரோ அணைந்து, மறுபடி எழ அரை நிமிடம் வரை எடுக்கும், பாடகர் சரணத்தில் தனித்து நிற்பார். மொடலர் எடுக்கும் வலு சில பத்து வாட்டுகளே என்பதால், அலுவலகக் கணினிக்கு வைக்கும் சிறிய யூ.பி.எஸ் ஒன்று அதற்குப் போதும். விரியலாக்கியை அதில் மாட்ட வேண்டியதில்லை.

இத்தனையும் சொன்ன பின், வலு விரியலாக்கியே வாங்க வேண்டாதவர்களும் உளர் என்பதைச் சொல்லாதிருப்பது நேர்மையாகாது. மண்டபத்திலோ வீதியிலோ ஒலியமைப்பாளர் மிக்சரும் பெரிய ஸ்பீக்கர்களும் கொண்டுவரும் நிகழ்ச்சியில், மொடலரின் வெளியீட்டை நேரே மிக்சருக்குக் கொடுத்துவிட்டு, வாசிப்பவர் காதுக்குள் அணியும் மொனிற்றரிலோ தரையில் சாய்த்து வைத்த மேடை ஸ்பீக்கரிலோ கேட்டுக்கொள்ளலாம். சனத்துக்குக் கேட்கச் செய்வது கிற்றார்க்காரரின் விரியலாக்கியின் வேலை அன்று. வீட்டில் பழகுபவருக்கு ஒரு சோடி சிறிய மேசை மொனிற்றர்கள் போதும். வலு விரியலாக்கி தேவைப்படுபவர், ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் தம் சொந்தப் பொக்ஸின் காற்றை முதுகில் உணர்ந்து வாசிக்க விரும்புபவரும், ஒலியமைப்பு இல்லாத சிறு கூட்டங்களில் வாசிப்பவருமே. கிற்றார் பொக்ஸ் ஏற்கெனவே இருந்து, பெரிதும் திரிபு ஒலியில் வாசிப்பவருக்கு அதன் ஓமில் 80 முதல் 100 வாட் வரை தரும் டி வகுப்பு விரியலாக்கி போதும், ஏனெனில் 98 டெசிபெல் உணர்திறன் மீதியைப் பார்த்துக்கொள்ளும். முழுவீச்சு ஸ்பீக்கரில் தெளிந்த ஒலி வேண்டுபவர் 200 வாட்டுக்குக் கீழே போகாதிருப்பது நல்லது. அவருக்கு விரியலாக்கி உள்ளேயே பொருத்திய ஸ்பீக்கர் இன்னும் எளிய வழி. வால்வு வலு விரியலாக்கியை ஏற்கெனவே வைத்திருப்பவர் அதை விற்க வேண்டியதில்லை. மொடலரின் உள்ளிருக்கும் வலு விரியலாக்கிக் கணக்கை நிறுத்திவிட்டு, மேடைக்கு அதையே கொண்டுபோகலாம்.

எந்தப் பெட்டியை வாங்கினாலும் ஒரு விடயத்தில் விட்டுக்கொடுப்பு ஆகாது. மின் கிற்றாரின் கம்பிகள், கேபிளின் உறைக் கம்பி வழியாக, விரியலாக்கியின் புவித்தொடுப்போடு இணைந்தவை. மைக்கின் உலோக உடல் மிக்சரின் புவித்தொடுப்போடு இணைந்தது. இரண்டும் வெவ்வேறு இடங்களிலிருந்து மின்னெடுத்து, அவற்றுள் ஒன்றில் புவிக்கம்பி அறுந்திருந்தால், கையில் கம்பியும் உதட்டில் மைக்குமாக நிற்பவரின் உடலே இரண்டுக்கும் நடுவே பாலமாகும். இரைச்சல் வருகிறது என்று மூன்றாவது முள்ளைக் கழற்றிவிடும் பழக்கம் இந்த விபத்துக்கே வழி திறக்கிறது. 50 ஹேர்ட்ஸ் இரைச்சலுக்கு மருந்து, மொடலரையும் விரியலாக்கியையும் மிக்சரையும் ஒரே இடத்திலிருந்து மின்னெடுக்கச் செய்வதும், மிக்சருக்குப் போகும் கேபிளின் வழியில் புவியைப் பிரிக்கும் டி.ஐ. பெட்டி ஒன்றை வைப்பதுமே. ஜெனரேற்றரில் ஓடும் மேடையில் புவிக்கம்பி உண்மையில் மண்ணில் இறக்கப்பட்டிருக்கிறதா, ட்ரிப் சுவிச் அழுத்தினால் விழுகிறதா என்பதைக் கிற்றாரைக் கையில் எடுக்கும் முன் பார்த்துவிடுங்கள்.